குழந்தை நீரிழிவு: சித்தூர், திருப்பதிக் கணக்கு

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவில் பெரும்பகுதி டைப் 1 வகையைச் சேர்ந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் நோய்த்தடுப்பு அமைப்பே அழித்துவிடுவதால் இது வருகிறது. பிள்ளை தின்ற இனிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெற்றோர் செய்த பிழை எதுவும் இதில் கிடையாது. இன்சுலின் ஊசி இல்லாமல் பிள்ளை பிழைக்காது. நோய் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஆனால் அது எத்தனை பிள்ளைகளுக்கு வருகிறது என்பது ஊருக்கு ஊர் நம்ப முடியாத அளவுக்கு மாறுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1990களில் நடத்திய டயமண்ட் ஆய்வில், 15 வயதுக்கு உட்பட்டவர்களில் ஆண்டுதோறும் லட்சத்துக்கு எத்தனை பேருக்குப் புதிதாக நோய் வருகிறது என்று பல நாடுகளில் எண்ணினார்கள். பின்லாந்திலும் இத்தாலியின் சார்டினியா தீவிலும் 36 பேருக்கு மேல். வெனிசுவேலாவிலும் சீனாவின் ஒரு பகுதியிலும் 0.1. இடைவெளி 350 மடங்குக்கு மேல். வேறெந்த நாட்பட்ட குழந்தை நோயிலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைக் காண்பது அரிது.

இந்தியா இந்த வரிசையில் கீழ்ப்பகுதியில் வருகிறது. 1990களின் முற்பகுதியில் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் கணக்கிட்ட விகிதம் லட்சத்துக்கு 10.5. கர்நாடகப் பதிவேடு ஏறத்தாழ 4 என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2006இல் தொடங்கிய இளவயது நீரிழிவுப் பதிவேட்டில், டெல்லி, சென்னை ஆகிய இரு இடங்களின் தரவுகளை வைத்து 19 வயது வரை உள்ளவர்களுக்குக் கிடைத்த எண் 4.9. அதே வயதினரை அமெரிக்காவில் எண்ணியபோது 21.2 வந்தது. இந்த எண்களை ஒன்றோடொன்று அப்படியே ஒப்பிட முடியாது. வயது வரம்பு வேறு, காலம் வேறு, பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்த முறையும் வேறு. விகிதம் குறைவாக இருப்பதால் சுமையும் குறைவு என்று ஆகிவிடாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி டைப் 1 உள்ள குழந்தைகளும் பதின்வயதினரும் உலகிலேயே அதிகமாக இருப்பது இந்தியாவில்தான், சுமார் 2,29,000 பேர்.

சித்தூர், திருப்பதிப் பகுதிக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். 2022 ஏப்ரலில் பிரிக்கப்படுவதற்கு முன் சித்தூர் ஒரே மாவட்டமாக இருந்தது. 2011 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 41.7 லட்சம். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 14 லட்சம் பேர், இருபது வயதுக்கு உட்பட்டவர்கள் என்று வைத்துக்கொண்டால், 4.9 என்ற விகிதத்தில் ஆண்டுக்கு 70 பேருக்குப் புதிதாக நோய் வர வேண்டும். பழைய சென்னை விகிதமாக இருந்தால் 150 பேர். பின்லாந்தில் 2005இல் இருந்த 64 என்ற விகிதத்தில் என்றால் 900 பேர். உண்மையான எண் இவற்றில் எதற்கு அருகில் இருக்கிறது என்பது வெறும் ஆர்வத்துக்கான கேள்வி அல்ல. எத்தனை குப்பி இன்சுலின் வாங்கி வைக்க வேண்டும், எத்தனை ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் இருக்க வேண்டும், எத்தனை செவிலியருக்குப் பயிற்சி வேண்டும் என்பதெல்லாம் அந்த எண்ணைப் பொறுத்தவை.

எண்ணுவதில்தான் முதல் சிக்கல். சித்தூர் நகரத்துப் பிள்ளைக்கு நோய் என்றால் பெற்றோர் பஸ் ஏறுவது பெரும்பாலும் வேலூருக்கு. கிறித்தவ மருத்துவக் கல்லூரி எல்லைக்கு அந்தப் பக்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நகரி, புத்தூர்க்காரர்கள் திருத்தணி வழியாகச் சென்னைக்குப் போவார்கள். குப்பத்துக்குப் பெங்களூரு பக்கம். மற்றவர்கள் திருப்பதிக்கு வருவார்கள்: 1960இல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ரூயா ஆஸ்பத்திரி, அல்லது 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் (ஸ்விம்ஸ்). ஒரு மாவட்டத்துப் பிள்ளைகள் மூன்று மாநிலங்களின் பதிவேடுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். திருப்பதியிலோ இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. திருமலைக்கு வந்த இடத்தில் பிள்ளை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டால், அந்தப் பிள்ளை இந்த மாவட்டத்துக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது. நிரந்தர முகவரியைக் கேட்டு எழுதாத பதிவேடு யாத்திரைத் தலத்தில் எதற்கும் உதவாது.

பெயர் படுத்தும் பாடும் சிறியதல்ல. இந்தப் பகுதியில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போடுவார்கள். ஒரே பிள்ளை திருப்பதிச் சீட்டில் ஒரு பெயராகவும் வேலூர்ச் சீட்டில் இன்னொரு பெயராகவும் இருக்கும். இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டு, இரண்டிலும் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதிலிருந்து எதிலும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிடும் முறையைத்தான் உலகெங்கும் பதிவேட்டுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். பொருந்த வேண்டிய பெயர்கள் பொருந்தாமல் போனால் அந்தக் கணக்கு எண்ணிக்கையை ஊதிக் காட்டும். பிறந்த தேதியையும் தாய் பெயரையும் சேர்த்து எழுதினால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.

இதைவிடப் பெரிய இழப்பு, எந்தச் சீட்டிலும் பெயர் ஏறாமலே இறந்துபோகும் பிள்ளைகள். நோயின் தொடக்கம் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிதான். படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கும். செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கும். நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும். சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும். இவை சில வாரங்கள் இருக்கும். பிறகு வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, மயக்கம். இரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிட்டது என்று பொருள். கிராமத்தில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் முறையாக மருத்துவம் படிக்காத ஆர்.எம்.பி. டாக்டர். பிள்ளை துவண்டு கிடக்கிறதே என்று குளுக்கோஸ் ஏற்றுவது வழக்கம். அது இந்தப் பிள்ளைக்கு ஆகவே ஆகாது. படித்த மருத்துவரிடம் போனாலும் மூச்சு வேகத்தை நிமோனியா என்றும், வயிற்றுவலியைக் குடல்வால் அழற்சி என்றும், மயக்கத்தை மூளைக் காய்ச்சல் என்றும் எடுத்துக்கொள்ள இடமுண்டு. பேதியால் வறண்ட பிள்ளை சிறுநீர் கழிக்காது. உடம்பு வறண்டிருந்தும் சிறுநீர் தாராளமாகப் போகிறது என்றால் சர்க்கரையைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைக் குழந்தைகள் வார்டில் வேலை பார்ப்பவர்கள் பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமும் ஒரு ஸ்ட்ரிப்பும் போதும். முடிவு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது செய்யப்படாத பிள்ளையின் இறப்பு காய்ச்சல் என்றோ வயிற்றுப்போக்கு என்றோ பதிவாகும். நீரிழிவு விகிதத்தில் அந்தப் பிள்ளைக்கு இடமே இருக்காது.

நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்படுவதற்கு உலக அளவிலும் சான்று உண்டு. நோய் கண்டுபிடிக்கப்படும்போதே அமில நிலைக்குப் போய்விட்ட பிள்ளைகளின் பங்கு சுவீடனில் 13 சதவீதத்தை ஒட்டியும், ஐக்கிய அரபு அமீரகத்தில் 80 சதவீதமாகவும் இருந்ததாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று காட்டியது. நோய் அதிகமாக உள்ள நாடுகளில் இந்தப் பங்கு குறைவு; அரிதாக உள்ள நாடுகளில் அதிகம். பக்கத்து வீட்டில், பள்ளியில், உறவில் ஒரு பிள்ளையைப் பார்த்திருந்தால் தாய்க்கும் மருத்துவருக்கும் உடனே தோன்றும். பார்த்திராத இடத்தில், “சின்னப் பிள்ளைக்கு எப்படிங்க சக்கரை வரும்?” என்பதுதான் முதல் கேள்வி. சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் தெலுங்கு வீடுகளிலும் பாட்டிமார் கேட்பது இதுவே. ஆக, குறைந்த விகிதமே அந்த விகிதத்தை இன்னும் குறைத்துக் காட்டுகிறது. இத்தாலியின் பார்மா மாகாணத்தில் படுக்கை நனைப்பதைப் பற்றிய சுவரொட்டியைப் பள்ளிகளில் ஒட்டி, மருத்துவர்களுக்குக் கருவிகளும் கொடுத்ததில், அமில நிலையில் வருவோர் பங்கு சில ஆண்டுகளில் 78 சதவீதத்திலிருந்து 12.5 சதவீதமாக இறங்கியது. அதற்கு ஆன செலவு மிகக் குறைவு. அங்கன்வாடியும் ஆஷா பணியாளரும் உள்ள ஊர்களில் இதைச் செய்யாமல் இருப்பதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.

எண்ணிக்கைப் பிழைகளையெல்லாம் கழித்த பிறகும் உண்மையான வேறுபாடு மிஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி மரபணுக்களால் வருகிறது. நோய்த்தடுப்பு அமைப்பு எதைத் தன்னுடையது, எதை அந்நியம் என்று அடையாளம் காண உதவும் எச்.எல்.ஏ. மரபணுத் தொகுதிதான் இதில் முதன்மையானது. டி.ஆர்.3, டி.ஆர்.4 என்ற இரண்டு வடிவங்களும் சேர்ந்திருந்தால் ஆபத்து மிக அதிகம். வட ஐரோப்பியரிடம் இரண்டுமே பரவலாக உண்டு. இந்தியப் பிள்ளைகளிடம் டி.ஆர்.3தான் முன்னிற்கிறது. ஜப்பானியரிடம் ஆபத்து தரும் வடிவங்கள் வேறு. மரபணுவின் வலிமைக்குச் சார்டினியா நல்ல சான்று. அந்தத் தீவிலிருந்து ரோம் நகரைச் சுற்றியுள்ள லாட்சியோ மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு, அங்கேயே பிறந்து வளர்ந்தும், உள்ளூர்ப் பிள்ளைகளைவிடப் பல மடங்கு அதிகமாக நோய் வந்தது. தாய், தந்தையில் ஒருவர் மட்டும் சார்டினியர் என்றால் விகிதம் இரண்டுக்கும் நடுவில் நின்றது. ஆனாலும் ஒரே மரபணு கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் கட்டாயம் வரும் என்றில்லை. நோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு வீட்டில் வேறு யாருக்கும் இந்த நோய் இருப்பதில்லை.

மரபணு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பதைக் காட்டுவது காலம். பின்லாந்தில் 1980இல் 31 ஆக இருந்த விகிதம் 2005இல் 64 ஆயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. எல்லைக்கு அப்பால் ரஷ்யாவின் கரேலியாவில் வாழ்பவர்கள் மரபணுவில் பின்லாந்துக்காரர்களுக்கு மிக நெருக்கமானவர்கள். அங்கே விகிதம் ஆறில் ஒரு பங்குதான். நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான சான்று இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்திலிருந்து வருகிறது. தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடையே 1978–81இல் லட்சத்துக்கு 3.1 ஆக இருந்தது, 1988–90இல் 11.7 ஆக உயர்ந்து உள்ளூர் வெள்ளையர் விகிதத்தைத் தொட்டது. பத்தே ஆண்டுகள். துணைக்கண்டத்துப் பிள்ளைகளுக்கு ஏதோ பிறவிப் பாதுகாப்பு இருக்கிறது என்ற எண்ணத்தை இந்த ஒரு கணக்கு தகர்த்துவிடுகிறது. சித்தூரும் திருப்பதியும் இன்று நகரமாகிக் கொண்டிருக்கும் வேகத்தில், குறைந்த விகிதம் குறைந்தபடியே இருக்கும் என்று நம்பித் திட்டமிடுவது ஆபத்து.

சூழலில் எது காரணம் என்பதற்குப் பல கருத்துகள் உண்டு. அவற்றில் மூன்றை இந்த மண்ணில் வைத்தே சோதித்துப் பார்க்கலாம்.

முதலாவது வெயில். பின்லாந்தில் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்ப்பதோடு சரி. வைட்டமின் டி குறைவால் நோய்த்தடுப்பு அமைப்பு தடுமாறுகிறது என்பது வாதம். 1966இல் வட பின்லாந்தில் பிறந்த பிள்ளைகளைப் பின்தொடர்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் வைட்டமின் டி முறையாகப் பெற்றவர்களுக்கு ஆபத்து வெகுவாகக் குறைந்திருந்தது. ஆனால் திருப்பதி வேறு கதை சொல்கிறது. டாக்டர் சி.வி. ஹரிநாராயண் குழுவினர் திருப்பதியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஆரோக்கியமான பெரியவர்களிடம் செய்த ஆய்வு 2007இல் வெளியானது. ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில், வைட்டமின் டி பற்றாக்குறை மிகப் பரவலாக இருந்தது. நகரத்தாரிடம் அதிகம் என்றாலும் கிராமத்தாரும் தப்பவில்லை. உணவில் கால்சியமும் குறைவாக இருந்தது. வெயில் இருப்பதும் அது உடம்பில் படுவதும் வேறு வேறு. பற்றாக்குறை இவ்வளவு இருந்தும் டைப் 1 விகிதம் இங்கே குறைவு. வெயில் கொழிக்கும் சார்டினியாவிலோ அதிகம். வைட்டமின் டிக்கு ஒரு பங்கு இருக்கலாம். நாடுகளுக்கிடையேயான இடைவெளியை அதனால் மட்டும் விளக்க முடியாது.

இரண்டாவது பால். சித்தூர் பால்பண்ணைகளுக்குப் பெயர் பெற்ற மாவட்டம். குட்டையான உடல்வாகு கொண்ட புங்கனூர் மாடு இங்கே தோன்றிய இனம். இன்று தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பினங்கள். கைக்குழந்தைக்குப் பசும்பால் சீக்கிரம் கொடுப்பது நோயைத் தூண்டுகிறது என்றும், குறிப்பாக ஐரோப்பிய இனங்களின் பாலில் உள்ள ஏ1 புரதம்தான் காரணம் என்றும் 1990களில் வாதங்கள் எழுந்தன. நாட்டு மாட்டுப் பால் விற்பவர்கள் இதை விளம்பரமாகவே ஆக்கிக்கொண்டார்கள். ஏ1 பற்றிய வாதம் நாடுகளின் சராசரிகளை ஒப்பிட்டதில் பிறந்தது. பிள்ளைகளிடம் செய்த சோதனையால் நிறுவப்பட்டதல்ல. பசும்பால் புரதத்தைச் சிதைத்துத் தயாரித்த பால்மாவை 15 நாடுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்த ட்ரிகர் ஆய்வு 2018இல் வெளியானது. நோய் குறையவில்லை. டைப் 1 உள்ள பிள்ளையிடமிருந்து பாலைப் பிடுங்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மூன்றாவது கிருமிகள். சிறுவயதில் புழுக்களும் தொற்றுகளும் நோய்த்தடுப்பு அமைப்பைப் பழக்குகின்றன; அவை இல்லாத சுத்தமான வாழ்க்கையில் அது தன் உடலையே தாக்குகிறது என்பது கருத்து. நீரிழிவுக்கு ஆளாகும் எலிகளிடம் சில ஒட்டுண்ணிகளைச் செலுத்தியபோது நோய் தடுக்கப்பட்டது. சென்னையில் டைப் 1 உள்ளவர்களிடையே யானைக்கால் புழுத் தொற்று மற்றவர்களைவிடக் குறைவாக இருந்ததாக 2010இல் ஓர் ஆய்வு வந்தது. சித்தூரும் யானைக்கால் நோய் பரவிய மாவட்டங்களில் ஒன்று; அங்கே ஒழிப்பு மாத்திரை ஊர் ஊராகக் கொடுக்கப்பட்டது. மாத்திரை கொடுத்தது சரிதான், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் கழிப்பறை, குழாய்த் தண்ணீர், புழு மாத்திரை, புட்டிப்பால், சிசேரியன் என்று எல்லாமே ஒரு தலைமுறைக்குள் மாறிய இடத்தில் டைப் 1 எப்படி நகர்கிறது என்று கவனித்து எழுதிவைத்தால், கரேலியாவில் கிடைத்ததைப் போன்ற அரிய பாடம் இங்கேயும் கிடைக்கும். இதோடு காக்ஸாக்கி பி போன்ற குடல் வைரஸ்களும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. பல நாடுகளில் நடத்தப்பட்ட டெடி ஆய்வில், இத்தகைய வைரஸ் நீண்ட நாள் உடலில் தங்கிய பிள்ளைகளிடம் பீட்டா செல்லுக்கு எதிரான எதிர்ப்புரதங்கள் தோன்றுவது அதிகமாகக் காணப்பட்டது.

இன்னொரு காரணமும் விகிதங்களைக் குழப்புகிறது: குழந்தைகளுக்கு வரும் நீரிழிவு எல்லாமே டைப் 1 அல்ல. ஆறு மாதத்துக்குள் வரும் நீரிழிவு பெரும்பாலும் ஒற்றை மரபணுக் கோளாறு. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் திருமணங்களில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் உறவுக்குள் நடக்கின்றன. மாமன் மகள், அக்காள் மகள் கட்டுவது இந்தப் பக்கத்தில் இயல்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் மட்டுமே தோன்றும் வால்காட்-ராலிசன், வுல்ஃப்ராம் போன்ற அரிய நோய்கள் இத்தகைய குடும்பங்களில் கூடுதலாக வரும். இவற்றை டைப் 1 என்று எழுதிவிட்டால் கணக்கும் தவறும், சிகிச்சையும் தவறும். கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் கோளாறு உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு மாற முடியும் என்று 2006இல் நிறுவப்பட்டது. இதைக் கண்டறியும் மரபணுச் சோதனையைச் சென்னையிலேயே செய்துகொள்ளலாம். ஆறு மாதத்துக்குள் நோய் வந்த பிள்ளைக்கு, இப்போது பத்து வயதானாலும், அதைச் செய்து பார்த்தாக வேண்டும்.

கணையத்தில் கல் படிந்து வரும் நீரிழிவு ஒரு காலத்தில் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏராளம், இன்று குறைந்துவிட்டது. ஊட்டமின்றி மெலிந்தவர்களுக்கு வரும் தனி வகையை உலக சுகாதார நிறுவனம் 1985இல் பட்டியலில் சேர்த்து 1999இல் நீக்கியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் நியூயார்க்கின் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து 2022இல் வெளியிட்ட ஆய்வு, இது டைப் 1இலிருந்தும் டைப் 2இலிருந்தும் வேறானது என்று காட்டியது. 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு அதை டைப் 5 என்று ஏற்றது. ஒல்லியான பதின்வயதுப் பிள்ளை இன்சுலின் இல்லாமலும் சில நாள் தாங்குகிறது, கீட்டோன் வரவில்லை என்றால் இதையும் நினைக்க வேண்டும். மறுபக்கம் பருமனோடு வரும் டைப் 2 பள்ளிப் பிள்ளைகளிடம் தலைகாட்டத் தொடங்கியிருக்கிறது. இந்தியப் பதிவேட்டில் அது லட்சத்துக்கு 0.5, அமெரிக்காவில் 5.9.

கடைசியாக, புதிதாக நோய் வருவோர் விகிதமும், நோயோடு வாழ்வோர் எண்ணிக்கையும் வேறு வேறு. இரண்டாவது எண் பிள்ளைகள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கோடையில் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்தூர்க் கிராமத்தில் பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை மண்பானைக்குள் வைக்கச் சொல்லிக் கொடுக்கிறார்கள். வெளிச்சுற்றை ஈரமாக வைத்தால் பானை உள்வெப்பத்தைச் சில டிகிரி இறக்கும். ஒரு மாதக் குப்பிக்கு அது போதும். ஊசி நிற்பது பெரும்பாலும் பணம் இல்லாததால், அல்லது யாரோ சொன்ன மூலிகையை நம்பியதால். பெண் பிள்ளை என்றால் இன்னொன்றும் சேரும். கல்யாணம் தடைபடும் என்று நோயை உறவினரிடமிருந்து மறைப்பார்கள், பள்ளியில் சொல்ல மாட்டார்கள். உள்ளூரில் யாரும் பார்த்துவிடாமல் இருக்க, பக்கத்து ஆஸ்பத்திரியை விட்டு வேலூருக்கோ சென்னைக்கோ கூட்டிப் போவார்கள். இத்தகைய பெண்களைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் திருப்பதி, சித்தூர், வேலூர், சென்னை, பெங்களூரு ஆஸ்பத்திரிகளின் பட்டியல்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒன்றாக வைத்து ஒப்பிடப்பட வேண்டும். பெயர் வெளியே போகாது என்ற உறுதியைப் பெற்றோருக்கு முதல் நாளிலேயே கொடுத்தாக வேண்டும்.